பன்னிரண்டாயிரம் கிலோமீட்டரும் மடியில் ஒரு பெட்டியும்

டொராண்டோவிலிருந்து புனேவுக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம் என்று போனைப் பார்த்து வாசித்தார் என் வீட்டுக்காரர். பறக்கும் நேரம் பதினைந்து மணி சில்லறையாம். "அரே, இவ்ளோதானா? நாம ரயில்ல காட்பாடி போய் எறங்க இதவிட ஜாஸ்தி ஆவுதே," என்றார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இதுதான் வேலை. புனே ஔந்தில் எங்கள் வீட்டு சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று தேடிக்கொண்டிருப்பார். போவது என்னவோ நான்.

அந்தப் பதினைந்து மணி நேர விமானம் எங்கேயும் கிடையாது. ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நூல் பிடித்து அளந்த கணக்கு அது. நூல் எந்த வரிசையிலும் நிற்காது, அதன்மேல் பனி உறையாது, மும்பை-புனே சாலையின் கண்டாலா மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாது. இதை அவரிடம் சொன்னேன். "நீ எப்பவும் அபசகுனமா பேசுவ," என்றார்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஓர் அமைப்புக்காக வெளிநாடு போய் ஸ்டெம் செல் வாங்கி வருகிறேன். ரத்தப் புற்றுநோய் வந்த ஒருவருக்கு, உலகத்தில் எங்கோ இருக்கும் முன்பின் தெரியாத ஒருவரின் ரத்தம் பொருந்தும். அவர் உடம்பிலிருந்து அந்த அணுக்களை மட்டும் பிரித்து ஒரு பையில் தருவார்கள். குளிர்ப்பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

நோயாளிக்கு அதற்கு முன்பே கடுமையான மருந்து கொடுத்து, அவருடைய சொந்த மஜ்ஜையை முழுசாக அழித்திருப்பார்கள். அந்த மருந்து ஏறிய பிறகு திரும்பி வர வழியில்லை. பெட்டி வந்தால் பிழைக்க வாய்ப்பு, வராவிட்டால் ஒன்றுமில்லை. நான் கிளம்பிய அன்றைக்குப் புனேயில் ஒருவருக்கு அந்த மருந்து ஏறத் தொடங்கியிருந்தது. அவர் யார், ஆணா பெண்ணா, எத்தனை வயது, எதையும் எனக்குச் சொல்ல மாட்டார்கள். தருபவர் யார் என்றும் சொல்ல மாட்டார்கள். பாலம் இரண்டு கரையையும் விசாரிக்கக் கூடாது என்பது சட்டம்.

போகும்போது பெட்டி காலி. மும்பை விமான நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரி திறந்து பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு?" என்று இந்தியில் கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணும் இல்லாததை எதுக்கு இவ்ளோ பத்திரமா பிடிச்சிருக்கீங்க?"

"திரும்பி வரும்போது இருக்கும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போங்கள் என்று கையைக் காட்டினார். அவர் மேல் தப்பில்லை. அறுபதை நெருங்கும் ஒரு பெண் காலிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு உலகத்தின் மறுகோடிக்குப் போகிறேன் என்றால் எனக்கே சந்தேகம் வரும்.

எந்த ஊரில் விமானம் மாறினேன், எங்கே காத்திருந்தேன் என்பதெல்லாம் யாருக்கும் சுவாரசியமில்லை. டொராண்டோவில் இறங்கியபோது குளிர் கன்னத்தில் அறைந்தது. புனேயில் டிசம்பர் வந்தாலே குரங்குக் குல்லாவை மாட்டிக்கொள்கிற ஜாதி நாங்கள். அங்கே குளிர் என்பது வேறு சங்கதி. டாக்சி ஓட்டியவர் லூதியானாக்காரர். புனே என்றதும், "அங்கே வெயில் அடிக்குமே, அதை விட்டுட்டு ஏன் இங்கே வந்தீங்க?" என்று கேட்டார். நாளைக்கே திரும்பிவிடுவேன் என்றேன். "புத்திசாலி. நான் இருபது வருஷமா நாளைக்குத் திரும்பிடுவேன்னு சொல்லிட்டிருக்கேன்," என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்கும் அறை. கொண்டுபோயிருந்த புளிக்காய்ச்சலை அங்கே கிடைத்த சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். சோறு பசை மாதிரி ஒட்டியது. மிச்சப் பசிக்கு எங்கள் ஊர் மொறுமொறு பலகாரமான பாகர்வடி இருந்தது. புனேக்காரி எந்த நாட்டுக்குப் போனாலும் பையில் பாகர்வடி இல்லாமல் போக மாட்டாள். அதைக் கடித்தபடி ஜன்னல் வழியாகப் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாகத்தான் இருந்தது. விமானம் கிளம்புமா என்கிற கவலையில் அந்த அழகு கண்ணில் ஒட்டவில்லை.

மறுநாள் புதன்கிழமை. காலையிலேயே பெட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். அணுக்களைப் பிரித்தெடுக்கச் சாயங்காலம் வரை ஆகும் என்றார்கள். கீழ்த்தளத்து கேண்டீனில் காபி என்று ஒரு கசப்புத் தண்ணீரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் கூப்பிட்டார். "பொறப்பட்டாச்சா? காத்து பின்னாலருந்து அடிக்குதாம், திரும்பி வர்றப்போ டைம் கம்மியாவும்," என்றார். இன்னும் பையே கைக்கு வரவில்லை என்று பல்லைக் கடித்தபடி தமிழில் சொல்லி வைத்தேன்.

"தமிழோ?" என்று பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல்.

ஐம்பது வயதுப் பெண்மணி. கனத்த கோட்டுக்குள்ளே சேலை. யாழ்ப்பாணத்துப் பேச்சு. எதிரே வந்து உட்கார்ந்து, பையிலிருந்து தாள் சுற்றிய ரோல்ஸ் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். "சாப்பிடுங்கோ. இஞ்சத்தைக் கோப்பி வெறும் வயித்துக்குச் சரிவராது." மசாலா போட்ட உருளைக்கிழங்கு உள்ளே சூடாக இருந்தது. இரண்டு நாளில் வாய்க்கு ருசித்த முதல் சாப்பாடு அதுதான்.

பிறகு என் காலடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

"உந்தப் பெட்டியிலதானோ என்ர மகன்ர ரத்தம் போகுது?"

நான் எழுந்து போயிருக்க வேண்டும். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வாயில் பாதி ரோல்ஸ் இருந்தது, எழுந்திருக்கவில்லை.

"சொல்ல வேண்டாம். சொல்லக் கூடாதெண்டு எங்களுக்கும் சொல்லிப்போட்டினம்," என்றார் அவர். "மேலதான் படுத்திருக்கிறான். கையில ஊசி குத்தி மெசினுக்குப் பக்கத்தில. பயப்பிடுறான் எண்டு தெரியுது, ஆனா பகிடி விட்டுச் சிரிச்சுக்கொண்டிருக்கிறான். நான் நிண்டா அழுதிடுவன் எண்டு கீழ வந்திட்டன்."

ரோல்ஸ் சுற்றியிருந்த தாளை எடுத்து மடித்தார். மடித்துக்கொண்டே மறுபடி ஆரம்பித்தார்.

"போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனனான். இந்த ரத்தம் வாங்கப் போற பிள்ளைக்கு ஒரு அர்ச்சனை செய்வம் எண்டு. ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்டார். எனக்கென்ன தெரியும்? ஆம்பிளைப் பிள்ளையோ பொம்பிளைப் பிள்ளையோ எண்டே தெரியாது. பேரில்லாம அர்ச்சனை எப்பிடிச் செய்யிறது எண்டு ஐயர் யோசிக்கிறார். பின்னால சனம் நிக்குது."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"என்ர மகன்ர பேரையும் நட்சத்திரத்தையுமே குடுத்தனான். இனி ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தானே?"

ஆய்வகத்தில் கிழவியாகிப்போன எனக்கு அவர் சொன்னது சரி என்று தெரியும். செல் ஏறிப் பிடித்துவிட்டால், வாங்கியவரின் ரத்தம் கொடுத்தவரின் ரத்தமாகவே மாறிவிடும். இதை எந்த டாக்டரும் அந்த அம்மாவுக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

கைப்பையிலிருந்து சின்னக் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். அர்ச்சனைத் திருநீறு. "ஏலுமெண்டா அந்தப் பிள்ளைக்குப் பூசிவிடுங்கோ. இனி வெள்ளிக்கு வெள்ளி செய்விக்கிறன். அவையளுக்குச் சுகம் வாற வரைக்கும் விடமாட்டன்."

வாங்கக் கூடாது. கொடுப்பவரிடமிருந்து பெறுபவருக்கு ஒரு துரும்புகூடப் போகக் கூடாது. ஆனால் ஊருக்குப் போகிறவர் கையில் திருநீறு கொடுத்தனுப்பினால் வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எந்தத் தமிழ் வீட்டில் இருக்கிறது? வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். போகும்போது அவர் திரும்பி, "பெட்டையோ பெடியனோ எண்டாவது தெரிஞ்சா நல்லது. நினைச்சுக் கும்பிட ஒரு முகம் வேணுமெல்லே," என்றார்.

சாயங்காலம் பையைத் தந்தார்கள். தக்காளிச் சாறு மாதிரி வெளிறிய சிவப்பில், உள்ளங்கை அகலம்தான் இருந்தது. பெட்டியில் வைத்து மூடிப் பூட்டினேன். அந்த நேரத்திலிருந்து என் கழுத்தில் கயிறு விழுந்த மாதிரிதான்.

புனேயில் நான் வளர்ந்த தாபோடியின் மாரியம்மன் கோயிலில் ஆடி மாதம் பால்குடம் எடுப்போம். சின்ன வயசில் நான் எடுத்திருக்கிறேன். தலையில் ஏற்றிய குடத்தைக் கோயில் வரும்வரை கீழே வைக்கக் கூடாது. கழுத்து கழன்றாலும் கூடாது. பெட்டியை முன் சீட்டுக்கு அடியில் வைக்கலாம் என்று விதியில் இருக்கிறது. எனக்கு மனசு வராது. கழிவறைக்குப் போனாலும் கூடவே தூக்கிக்கொண்டு போவேன். விமானப் பணிப்பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்கு டொராண்டோவில் விமானம் நகரவில்லை. இறக்கையில் உறைந்த பனியை மருந்துத் தண்ணீர் அடித்துக் கரைத்தார்கள். கரைத்து முடிப்பதற்குள் புதுப் பனி விழுந்தது. மறுபடி அடித்தார்கள். பக்கத்து சீட்டில் புனே கோத்ருட்டைச் சேர்ந்த மாணவன் ஒருவன், அக்கா கல்யாணத்துக்குப் போகிறான். "பெட்டியை மேலே வைக்கட்டுமா மாவுஷி?" என்று, சித்தி முறை வைத்து மராத்தியில் கேட்டான். வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "பிடிச்சுக்கட்டுமா?" என்றான். அதுவும் வேண்டாம் என்றேன். "நகையா?" என்றான் ரகசியமாக. மருந்து என்று சொன்னேன். "எங்க வீட்டிலே நகைக்கே இவ்வளவு பத்திரம் கிடையாது," என்று சொல்லிவிட்டு அவன் தூங்கிப்போனான்.

தாமதத்தால், மாற வேண்டிய ஊரில் பிடிக்க வேண்டிய விமானம் போய்விட்டது. அடுத்ததில் இடம் கொடுத்தார்கள். அங்கே பாதுகாப்புச் சோதனையில் நின்ற இளைஞன் பெட்டியை எக்ஸ்ரே மெஷினில் விடு என்றான். கதிர் பட்டால் அணுக்கள் கெட்டுப்போகலாம். கடிதத்தைக் காட்டினேன். பார்க்கவில்லை. அட்டையைக் காட்டினேன். "எல்லாரும் கடிதம் காட்டுகிறார்கள்," என்றான். அவன் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுக்க, நான் இந்தப் பக்கம் இழுக்க, பின்னால் நிற்கிறவர்கள் முனகத் தொடங்கினார்கள். மேலதிகாரி சாப்பிடப் போயிருந்தார். அவர் வரும்வரை இரண்டு கையாலும் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். நம் ஊரென்றால் நாலு வார்த்தை கத்தியாவது இருப்பேன். அந்நிய ஊரில் கோபம்கூடச் சொந்த பாஷையில் உள்ளேயே வெந்துபோகிறது.

மேலதிகாரி ஒரு பெண். கடிதத்தை முழுசாக வாசித்தார். பெட்டியின் மேல் ஒரு கணம் கையை வைத்துவிட்டு என்னை விட்டுவிட்டார். அவருக்கு நன்றி சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வெளிச்சம் வந்த பிறகு மும்பையில் இறங்கினேன். புனேக்கு அடுத்த விமானம் நேரம் கழித்துத்தான். எங்கள் ஊர் விமான நிலையம் விமானப் படையுடையது. எப்போது திறப்பார்கள், எப்போது மூடுவார்கள் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கே தெரியாது. அதனால் காரை வரச் சொல்லியிருந்தேன். டிரைவர் சந்தோஷ், சாதாராக்காரர். "கவலைப்படாதீங்க தாயி, மத்தியானச் சாப்பாடு வீட்டிலேதான்," என்றார். மராத்திக்காரர்கள் அக்காவைத் தாயி என்பார்கள்.

புனே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் டாக்டர் அடிக்கடி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கே இருக்கிறீர்கள், பெட்டியின் சூடு எவ்வளவு என்று கேட்பார். சொல்வேன். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டியாகிவிட்டது, மிச்சம் நூற்றைம்பதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மலைப்பாதையில் ஏறியதும் வண்டிகள் நின்றுவிட்டன. மேலே எங்கோ ஒரு லாரி குடை சாய்ந்திருக்கிறது. என்ஜினை அணைத்துவிட்டு ஆட்கள் இறங்கி நின்றார்கள். எங்கிருந்துதான் வருவார்களோ, நெரிசல் என்றால் கடலைச் சிக்கி விற்கிறவர்களும் வெள்ளரிக்காய் விற்கிறவர்களும் முளைத்துவிடுவார்கள். முன்னால் நின்ற காரிலிருந்து ஒரு குடும்பமே இறங்கி, பள்ளத்தாக்கைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டது. சந்தோஷ் வடா பாவ் வாங்கி வந்து நீட்டினார். வேண்டாம், நீங்களே சாப்பிடுங்கள் என்றேன்.

டாக்டர் மறுபடி கூப்பிட்டார். நெரிசலைச் சொன்னேன். இந்த முறை பெட்டியின் சூட்டைக் கேட்கவில்லை. "பார்த்து வாங்க," என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. பாவம், என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டிருப்பார், அவசரம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அதை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டேன்.

சூரியன் உச்சிக்கு ஏறியது. என்னால் முடியவில்லை. "சந்தோஷ், இதுல ஒருத்தரோட உயிர் இருக்கு," என்று சொல்லிவிட்டேன். அவர் வடா பாவைச் சுற்றிய காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு இறங்கி ஓடினார். ஒவ்வொரு வண்டியாகத் தட்டி மராத்தியில் கெஞ்சியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். படம் எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் அள்ளிப் போட்டுக்கொண்டு காரில் ஏறியது. வண்டிகள் ஓர் ஓரமாக ஒடுங்கின. மோட்டார் சைக்கிளில் ஒரு போக்குவரத்து போலீஸ்காரர் வந்து எங்களுக்கு முன்னால் வழி விலக்கிக்கொண்டே போனார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாக இருந்த இடம் அந்த மலைப்பாதை மட்டும்தான்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். கொடுத்த கெடுவில் இன்னும் ஒரு முழு நாள் மிச்சம் இருந்தது. பெட்டியின் சூடு ஒரு புள்ளிகூட ஏறவில்லை. பல பயணம் போயிருக்கிறேன், இவ்வளவு சுத்தமாக எந்தப் பெட்டியையும் ஒப்படைத்ததில்லை. டாக்டர் பையை எடுத்துப் பார்த்தார், எண்ணைச் சரிபார்த்தார், கையெழுத்துப் போட்டார். எல்லாம் முறைப்படி முடித்த பிறகு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"நீங்க மலைப்பாதையில் நின்னுட்டிருந்தீங்களே, அப்பத்தான்," என்றார் மராத்தியில். "கிருமி ரத்தத்தில் பரவிடுச்சு. சின்னப் பொண்ணு. தாங்கலை, போயிட்டா."

பெண் குழந்தை. அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தது கோபம். இறக்கையின் பனி மேலும், அந்தச் சோதனைக்காரன் மேலும், லாரி மேலும், பதினைந்து மணி நேரம் என்று வாசித்த என் வீட்டுக்காரர் மேலும். "நான் நேத்தே வந்திருந்தா?" என்று கேட்டேன்.

டாக்டர் தலையை ஆட்டினார். "ஏத்தினாலும் பிடிச்சு வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். நேத்து வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது பேரிடியாக இருந்தது. என் தாமதம்தான் காரணம் என்றாலாவது ஒரு காரணம் இருந்திருக்கும். இத்தனை ஓட்டமும், இழுபறியும், சந்தோஷின் கெஞ்சலும் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பையை என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. மேசைமேல் கிடந்தது. அந்தப் பையன் பகிடி விட்டுக்கொண்டே கொடுத்தது.

காலிப் பெட்டியோடு வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்தவர் போல, எதிர்ப்படும் ஒவ்வொருவரிடமும் போய் இந்தியில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மராத்திக்காரப் பெண்மணி குங்குமச் செப்பை நீட்டினார். அவர் கைகூப்பி வேண்டாம் என்றார். சுவரோரம் தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எதையும் பார்க்கவில்லை. அவளிடம் திரும்பி அவர் தமிழில் சொன்னார்.

"யார்கிட்டயும் இல்ல புள்ள. வூட்லருந்து எடுத்தார சொன்னா நேரமாவும். அதுக்குள்ள பாப்பா மொகத்த மூடிடுவாங்க."

வேலூர்ப் பக்கத்துத் தமிழ். என் அப்பா பேசிய தமிழ். யார் பெற்ற பிள்ளை என்று எனக்குப் புரிந்துவிட்டது. பார்க்காத மாதிரி படியிறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். என் நெற்றியைப் பார்த்தாரோ என்னவோ, இந்தியை விட்டுவிட்டுத் தமிழிலேயே கேட்டார்.

"யம்மா, உங்ககிட்ட துன்னூறு இருக்குதா? பாப்பா நெத்தி வெறுமனே கீது."

கை தானாகவே நெஞ்சுக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது. அது உயிரோடிருக்கும் ஒரு பிள்ளையின் பேருக்கும் நட்சத்திரத்துக்கும் செய்த அர்ச்சனைத் திருநீறு. அதைப் போய்ச் செத்துப்போன பிள்ளையின் நெற்றியில் வைக்கலாமா? நம் வீடுகளில் யாரும் ஒப்ப மாட்டார்கள். அந்த அம்மாவுக்குத் தெரிந்தால் பதறிப்போவார், பிள்ளைக்குத் தோஷம் என்று அடித்துக்கொள்வார். இல்லை என்று சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அந்த மனிதர் கையை நீட்டியபடி நின்றார். மகளுக்காக அந்தக் கட்டடத்தில் அவரால் செய்ய முடிந்த ஒரே காரியம் அதுதான். அது அவளுக்கென்று வந்தது. வேறு யாருக்கும் இல்லை. பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"பாப்பா பேரென்னங்க?" என்றேன்.

சொன்னார்.

"நட்சத்திரம்?"

அதையும் சொன்னார். எதற்குக் கேட்கிறீர்கள் என்று கேட்கவில்லை. திருநீறு கொடுப்பவர் நட்சத்திரம் கேட்பது அவருக்கு வழக்கமானதுதான். அவர் சொன்ன இரண்டையும் நான் இங்கே எழுத மாட்டேன்.

உள்ளே போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். விரலில் வெள்ளை ஒட்டியிருந்தது. மிச்சத்தைப் பழையபடி மடித்து என்னிடம் நீட்டினார்.

"மிச்சம் கீதும்மா, வெச்சிக்கோங்க. எந்தக் கோயில்து?"

"ரொம்ப தூரத்துல இருக்கிற கோயிலுங்க."

"எவ்ளோ தூரம்?"

கிலோமீட்டர் எனக்கு மனப்பாடம். ஆனாலும் கடல் தாண்டி என்றேன்.

"அவ்ளோ தூரத்துலருந்தா?" என்றார். மனைவியிடம் திரும்பி, அவளுக்குக் கேட்க வேண்டுமென்று சற்று உரக்கச் சொன்னார். "நேரத்துக்கு வந்து சேந்துச்சு புள்ள."

கீழே சந்தோஷ் காரைத் துடைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் மலர, "கொடுத்தாச்சா தாயி?" என்றார். கொடுத்தாச்சு என்றேன். வீட்டுக்காரர் போனில் வந்து மொத்தம் எத்தனை மணி நேரம் ஆச்சு என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கொடுத்தவர்களுக்கு இந்தச் சேதி உடனே போகாது. மாதங்கள் கழித்து, முறைப்படி, இரண்டு வரியில் போகும். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இங்கே மத்தியானம் சாய்ந்துவிட்டது, அங்கே இன்னும் விடியவில்லை. விடிந்ததும் அந்த அம்மா குளித்து, கோட்டுக்குள்ளே சேலை கட்டி, பனியில் வழுக்காமல் பார்த்து நடந்து கோயிலுக்குப் போவார். ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்பார்.